வாளும் உப்புக் காற்றும்

தொண்டைமானின் வேல்கள் நெய் பூசப்பெற்று மாலை சூடி இருப்பதையும், அதியமானின் வேல்கள் நுனி முரிந்து கொல்லன் களத்தில் கிடப்பதையும் ஒப்பிட்டு, ஔவையார் புறநானூற்றில் நயமாக நகைத்தார். போர்க்களத்துக்கு அந்த நகைப்புப் பொருந்தும். அமைதிக் காலத்திலோ இரும்பைப் பேணுவதும் ஓர் அரிய கலையே. அதனை மிக நுட்பமாக வளர்த்தவர்கள் யப்பானியர்.

ஊர்காவற்றுறையிலும் நெடுந்தீவிலும் நயினாதீவிலும் வாழ்வோருக்கு இரும்பின் பகைவன் யாரென்று சொல்ல வேண்டியதில்லை. கடற்காற்றின் உப்பு இரும்பிற் படிந்து ஈரத்தை ஈர்க்கிறது. ஈரமும் பிராணவாயுவும் கூடிக் கறள் பிறக்கிறது. யப்பானும் தீவுகளின் நாடே. அங்கும் வாளுக்கு இப்பகை உண்டு.

ஆதலின் சில மாதங்களுக்கு ஒருமுறை வாளை உறையினின்றும் எடுப்பர். வெறுங்கை அலகிற் படலாகாது. வியர்வையிலும் உப்பு உண்டன்றோ? பழைய எண்ணெயை மென்மையான தாளால் துடைப்பர். தீட்டுக்கல்லின் மிக நுண்ணிய பொடியைப் பட்டுப் பொதியில் இட்டு, அலகின்மேல் மெல்லத் தட்டி, மீண்டும் துடைப்பர். பின்னர், கராம்பு மணம் கமழும் எண்ணெயை மிக மெல்லிதாகப் பூசுவர். எண்ணெய் மிகுந்தால் உறைக்குள் வழிந்து தூசியைச் சேர்க்கும்.

இவற்றினும் வியப்பானது ஒன்றுண்டு. பிடிக்குள் மறைந்திருக்கும் அடிப்பகுதியின் கருங்கறளை அவர்கள் ஒருபோதும் தேய்ப்பதில்லை. வாளின் வயதுக்கு அக்கறளே சான்று. கொல்லன் தன் பெயரைப் பொறிப்பதும் அங்கேதான். அதைப் பளபளப்பாக்கியவன் வாளின் வரலாற்றையே அழித்தவனாவான்.

நம் வீடுகளிலும் பாட்டனார் காலத்துப் பாக்குவெட்டியும் கத்தியும் பூட்டும் உண்டு. ஆயுத பூசைக்கு முன்னர் அவற்றை அரத்தாளால் உரசி வெள்ளியாக்க முனைகிறோம். உரசுந்தோறும் கொல்லனின் கைவேலை தேய்கிறது. வெளிப்பட்ட புது இரும்பில் உப்புக் காற்று மறுநாளே குடியேறுகிறது. உலர்ந்த துணியால் துடையுங்கள். தையற்பொறி எண்ணெயைச் சிறிது தடவுங்கள். பூசை முடிந்ததும் சந்தனத்தின் ஈரத்தை அகற்றுங்கள். தோலுறை ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஆதலால் உலர்ந்த மரப்பெட்டியில் வையுங்கள்.

எதைத் துடைப்பது, எதைத் தொடாது விடுவது என்று அறிவதே பேணுதல். முதுசொம்மாக வந்த இரும்பைப் புதிதாக்குவது நம் கடமையன்று. கெடாமல் அடுத்த கைக்கு ஒப்படைப்பதே நம் கடமை.