வானத்துக் கண்ணும் தோட்டத்துக் கண்ணும்

(குளுவாங் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் நிரையில் நிற்பது ரப்பரா காடா என்று எவரேனும் கேட்டால் சிரிப்போம். இன்று அந்தக் கேள்விக்கு விடை சொல்பவை வானத்தில் சுற்றும் துணைக்கோள்கள். 2020 டிசம்பர் 31-க்குப் பின் காடழித்த நிலத்தில் விளைந்த ரப்பரைத் தன் சந்தையில் விற்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் சட்டம் இயற்றியது. அமலாக்கம் இருமுறை தள்ளிப்போனது, சட்டம் போய்விடவில்லை. படம் தவறினால் நம் பால் விலை போகாது. பால் விலை போகாவிட்டால் வேலை போவது யாருக்கு?

படம் எப்படித் தவறும்? சென்டினல்-2 என்ற ஐரோப்பியத் துணைக்கோள் நிலத்தை 10 மீட்டர் கட்டங்களாகப் பார்க்கிறது. ஏக்கருக்கு 180 மரம் நின்றால் ஒரு கட்டத்துக்குள் நாலைந்து மரம். ரப்பர் ஆண்டுதோறும் இலையுதிர்த்துத் துளிர்ப்பது நல்ல அடையாளம். ஆனால் பூமத்திய ரேகைக்கு அருகிலுள்ள ஜொகூரில் எல்லா மரமும் ஒருசேர உதிர்ப்பதில்லை. உதிர்க்கும் நாளிலும் மேகம் மறைக்கிறது.

சிறுதோட்டம் இன்னும் சிக்கல். மலேசிய ரப்பரில் பெரும்பகுதி அங்கிருந்தே வருகிறது. ரப்பருக்கிடையே டுரியான், பலா, வாழை, ஓரத்தில் புதர். அரை மீட்டர் அளவையும் காட்டும் நுண்படத்தில் ஒவ்வொரு மரத்தின் தலையும் தெரியும். அது நட்ட மரமா, தானே முளைத்ததா என்று தெரியாது. விவசாயத்துக்கான கலப்புத் தோப்பைச் சட்டம் காடென்று கொள்ளவில்லை. கணினி அப்படிக் கொண்டுவிட்டால்? 2021-இல் பழைய ரப்பரைச் சாய்த்து மறுநடவு செய்த நிலமும் காடழிப்பாகத் தோன்றலாமே!

தோழர்களே, கணினிக்குப் பிறவி அறிவு கிடையாது. 'இது ரப்பர், இது செம்பனை, இது கலப்புத் தோப்பு' என்று தெரிந்த இடங்களைக் காட்டி அதைப் பழக்குகிறார்கள். பிறகு வேறு இடங்களில் அது சொல்வது சரிதானா என்று சோதிக்கிறார்கள். அந்த நேர்ச்சாட்சி விடியுமுன் மரத்தடியில் நிற்பவரிடமும், நடவு ஆண்டைப் பதிவேட்டில் எழுதுபவரிடமும் இருக்கிறது.

ஆகவே, கிராணிமார்களே, நடவு, மறுநடவு ஆண்டுகளையும் ஊடே நிற்கும் மரங்களையும் வயல் எண் வாரியாக எழுதி வைப்போம். சொந்தமாகச் சிறு நிலமுள்ளவர்கள் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். 4 ஹெக்டேர் வரையுள்ள நிலத்துக்கு ஓர் இடக்குறி போதும், அதற்கு மேற்பட்டதற்கு எல்லை முழுவதும் வேண்டும். அளக்க வருவோருடன் வெட்டுத் தொழிலாளி ஒருவரும் செல்ல வேண்டும். அந்த நேரம் வேலை நேரமாகக் கணக்கிடப்பட வேண்டும். இது நம் கோரிக்கை.

இன்னொன்று. விளையும் நாட்டின் சட்டங்களையும், தொழிலாளர் உரிமையையும் மதித்திருக்க வேண்டும் என்றும் அதே சட்டம் கேட்கிறது. எந்தத் துணைக்கோளும் நம் சம்பளச் சீட்டைப் படம் பிடிக்காது. அதைப் பார்க்கும் கண் சங்கம் ஒன்றுதான். அந்தக் கண்ணை மூடவிடாமல் காப்போம்.