வீட்டுப்பாடமும் நம் வீடும்

(செட்டியார்பட்டியில் பெற்றோர் கூட்டத்தில் பேசியதன் வாசகம்)



பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தைப் பற்றி இன்று பேசப் போகிறோம். கூலியும் போனசும் பேசுகிற கூட்டத்தில் இது எதற்கு என்று சிலர் நினைக்கலாம். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு ஒரு பையன் மில் வாசலில் வேலை கேட்டு நிற்கிறான். அவனுக்குப் படிப்பு ஏறவில்லை என்று ஊர் சொல்லுகிறது. ஏன் ஏறவில்லை என்று கேட்பாரில்லை. அவன் மாலை நேரம் எப்படிக் கழிந்தது என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். ஆகவே இது நம்முடைய பிரச்னைதான்.

வீட்டுப்பாடம் செய்தால் மார்க்கு கூடுமா? அமெரிக்காவில் ஹாரிஸ் கூப்பர் என்ற பேராசிரியரும் அவருடன் வேலை செய்தவர்களும் இது பற்றிய பல ஆராய்ச்சிகளைத் திரட்டிப் பார்த்து, 2006இல் முடிவை வெளியிட்டார்கள். ஏழாம் வகுப்பிலும் அதற்கு மேலும் படிக்கும் பிள்ளைகளிடம் வீட்டுப்பாடத்துக்கும் மார்க்குக்கும் நல்ல சம்பந்தம் தெரிகிறது; சின்ன வகுப்புகளில் அந்தச் சம்பந்தம் மிகச் சொற்பம். காரணம் எளிது. வகுப்பில் புரிந்த கணக்கை வீட்டில் மறுபடி போட்டால் அது மனதில் பதியும். புரியாத கணக்கைப் போட்டால் தப்புத்தான் பதியும். பார்த்து எழுதினால் கைதான் வலிக்கும்.

இனி அடுத்த கேள்வி. பாடம் எல்லோருக்கும் ஒன்றுதான்; வீடு எல்லோருக்கும் ஒன்றா?

ஒரு வீட்டில் தனி அறை, மேஜை, சொல்லிக் கொடுக்கப் படித்த அம்மா, போதாததற்கு டியூஷன். நம் வீடு எப்படி? தகப்பனுக்கு இரண்டாம் ஷிப்டு. பிள்ளை பள்ளியிலிருந்து வரும்போது அவர் மில்லில் இருப்பார். மூன்றாம் ஷிப்டானால் அதே ஒற்றை அறையில் படுத்துத் தூங்குவார். தாய் களை எடுத்துவிட்டுப் பொழுது சாய்ந்து வருவாள். அதுவரை தம்பியைப் பார்ப்பதும், தண்ணீர் பிடிப்பதும், உலை வைப்பதும் மூத்த பெண்ணின் வேலை. தளவாய்புரம், செட்டியார்பட்டிப் பக்கம் தையல் நடக்கும் வீடானால், தைத்த துணியில் நூல் பிசிறு வெட்டவும் அவளைத்தான் கூப்பிடுவோம். மறுநாள் நோட்டு வெறுமையாக இருந்தால் வகுப்பில் எழுந்து நிற்பவளும் அவள்தான்!

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. பல நாடுகளில் 15 வயதுப் பிள்ளைகளிடம் 2012இல் எடுத்த பிசா கணக்கின்படி, வசதியான வீட்டுப் பிள்ளை வாரத்துக்கு 5.7 மணி நேரம் வீட்டுப்பாடம் செய்தது. வசதியில்லாத வீட்டுப் பிள்ளை 4.1 மணி நேரம்தான் செய்தது. இது சோம்பேறித்தனத்தின் கணக்கா? இல்லை, வசதியின் கணக்கு. வீட்டுப்பாடத்துக்கென்று மார்க்கு போடும்போது, பிள்ளையின் அறிவோடு வீட்டின் வசதிக்கும் சேர்த்தே மார்க்கு விழுகிறது.

பள்ளி விட்ட பிறகு ஏழைப் பிள்ளை என்ன செய்ய வேண்டும் என்பது நம் மாநிலத்தில் பழைய சண்டை. 1953இல் ராஜாஜி அரசு கிராமத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தை மூன்று மணியாகக் குறைத்தது. மீதி நேரம் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றது. குலக்கல்வித் திட்டம் என்று நாடே எதிர்த்தது. 1954இல் நம் விருதுநகர்க்காரர் காமராஜர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. ஆனால் 2016இல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தியபோது, பள்ளி நேரம் போக மீதி நேரத்தில் பிள்ளை குடும்பத் தொழிலுக்கு உதவலாம் என்று வழி விட்டார்கள். பட்டாசு போன்ற அபாயத் தொழிலுக்கு மட்டும் அந்த அனுமதி கிடையாது. பள்ளி நேரம் போக மீதி நேரம் எது? படிக்கும் நேரமும் அதுதானே!

நம் பக்கத்தில் இருக்கும் விதிகளையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று 2018இல் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. மூன்று முதல் ஐந்து வரை வாரத்துக்கு 2 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று மத்திய அரசின் 2020ஆம் வருஷப் புத்தகப்பைக் கொள்கை சொல்லுகிறது. பிள்ளையை அடிப்பதையும் மனதை வதைப்பதையும் 2009ஆம் வருஷக் கல்வி உரிமைச் சட்டம் தடுக்கிறது. பின்தங்கிய பிள்ளைக்குக் கூடுதலாகச் சொல்லிக் கொடுப்பது ஆசிரியரின் கடமை என்றும் அதே சட்டம் சொல்லுகிறது.

ஆசிரியர் நமக்கு எதிரி அல்ல. அவரும் சம்பளத்துக்கு உழைப்பவர்தான். ஒரு வகுப்பில் பிள்ளைகள் அதிகமானால் நோட்டுத் திருத்த அவருக்கும் நேரம் போதாது. அவரோடு சேர்ந்தே இதைச் செய்ய வேண்டும்.

நாம் கேட்க வேண்டியவை என்ன? சின்ன வகுப்புகளுக்கு எழுத்துச் சுமை வேண்டாம். பெரிய வகுப்புகளுக்குக் கொஞ்சமாகக் கொடுக்கட்டும். கொடுத்ததைத் திருத்திக் காட்டட்டும். மாலையில் இரண்டு மணி நேரம் பள்ளியிலேயே ஓர் அறையைத் திறந்து விளக்குப் போட்டு, சந்தேகம் கேட்க ஓர் ஆளையும் வைக்கட்டும். இது நடக்கிற காரியம்தான். 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலர்கள் தெருத்தெருவாகப் பிள்ளைகளைக் கூட்டி மாலையில் சொல்லிக் கொடுத்ததைத் தமிழ்நாடு பார்த்தது.

இதைக் கேட்கும் இடம் பள்ளி மேலாண்மைக் குழு. அதில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம். கூலி போகுமே என்று நாம் போகாவிட்டால் அந்த நாற்காலி காலியாகத்தான் கிடக்கும். முறை வைத்தாவது போவோம்.

நம் வீட்டிலும் ஒரு காரியம் பாக்கி இருக்கிறது. ஒரு மணி நேரம், ஒரே ஒரு மணி நேரம், டி.வி.யையும் செல்போனையும் அணைத்து வைப்போம். பெண் பிள்ளையின் கையிலிருக்கும் குடத்தை அண்ணன் வாங்கிக்கொள்ளட்டும். எழுத்துத் தெரியாத தாயும் "இன்று என்ன படித்தாய், சொல்லு" என்று கேட்கலாம். சொல்லத் தெரிந்த பிள்ளைக்குப் பாடம் புரிந்திருக்கிறது என்று அர்த்தம்.

எட்டு மணி நேர வேலையை யாரும் நமக்குத் தானமாகத் தரவில்லை. உழைப்பாளிகள் ஒன்றுசேர்ந்து கேட்டு வாங்கினார்கள். பிள்ளைகளின் மாலை நேரத்தையும் அப்படித்தான் கேட்டு வாங்க வேண்டும். அடுத்த பள்ளிக் குழுக் கூட்டத்துக்கு எல்லோரும் வாருங்கள்!