பிழை எந்தப் பக்கம் விழுகிறது?

(மாணவர் வாசிப்பு வட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை ஆங்காங்கே அப்படியே விடப்பட்டுள்ளது.)



நான் மேடைப் பேச்சாளன் இல்லை. கவிதை எழுதுகிறவன். பகலில் வங்கியில் கிளார்க். அதனால் வங்கியிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

எங்க வேலையில ஒரு விதி உண்டு. சாயந்திரம் கேஷ் டேலி ஆகணும். பத்து ரூபா கூடினாலும் சரி, குறைஞ்சாலும் சரி, எழுந்து வீட்டுக்குப் போக முடியாது. திரும்பத் திரும்ப எண்ணணும். மனுசன் எண்ணுறதுல பிழை வரத்தான் செய்யும். அதில் குற்றமில்லை. ஆனால் ஒருத்தர் கையில் பிழை எப்பப் பார்த்தாலும் ஒரே பக்கமாக விழுந்தால்? எண்ணும்போதெல்லாம் எதிரில் நிற்கிறவருக்குக் குறைந்து, எண்ணுகிறவருக்குக் கூடினால்? அதுக்குப் பேர் பிழை இல்லைங்க. அதுக்கு வேற பேர்.

இன்று நான் பேசப்போகிற மனிதரின் வாழ்க்கையில் நடந்த மிகப் பெரிய சம்பவத்தையும் கணக்குப் பிழை என்றுதான் எழுதி வைத்தார்கள். அவர் பெயர் வெண்டல் ஸ்காட். அமெரிக்கக் கறுப்பர். கார் பந்தய ஓட்டுநர்.

'கார் ரேஸா? அது காசு உள்ளவன் ஆட்டமாச்சே, நமக்கென்ன?' என்று பின்வரிசையில் ஒரு தோழர் முணுமுணுப்பது கேட்கிறது. நியாயமான கேள்வி. கொஞ்சம் பொறுங்க. பதில் கதைக்குள்ளேயே இருக்கு.

வெண்டல் ஸ்காட் 1921 ஆகஸ்ட் 29 அன்று வர்ஜீனியா மாநிலத்தின் டான்வில் நகரத்தில் பிறந்தார். அடிமை முறையைக் காப்பாற்றப் பிரிந்துபோன தென்மாநிலங்கள் உள்நாட்டுப் போரில் தோற்றபோது, 1865 ஏப்ரலில் அவர்களுடைய அரசாங்கம் தலைநகரை விட்டு ஓடிவந்து சில நாள் உட்கார்ந்திருந்த ஊர் அது. பஞ்சாலையும் புகையிலையும்தான் அங்கே பிழைப்பு. இரண்டுக்குள்ளும் போய் அடைபட மாட்டேன் என்று இருந்தவர் ஸ்காட். அப்பா மெக்கானிக், வெள்ளையர் குடும்பங்களுக்குக் கார் ஓட்டியவர். மகனுக்கும் கார் வேலை கைவந்தது. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டார். டாக்சி ஓட்டினார். இரண்டாம் உலகப் போரில் அய்ரோப்பாவுக்குப் போய் ராணுவ வண்டிகளைப் பழுது பார்த்தார். ஹிட்லரின் இனவெறியை எதிர்த்துப் போன அந்த ராணுவத்திலேயே கறுப்பர்களுக்குத் தனிப் பிரிவு. திரும்பி வந்து வொர்க்ஷாப் வைத்தார். அது போதாமல், ராத்திரியில் கள்ளச்சாராயம் கடத்தினார்.

இதைச் சொல்ல நான் தயங்கவில்லை. ஏனென்றால் ஸ்டாக் கார் பந்தயத்தின் வேர்களில் ஒன்றே கள்ளச்சாராயம்தான். பார்வைக்கு அது குடும்பத்தோடு ஊருக்குப் போகிற சாதாரணக் கார். உள்ளே இஞ்சின் மட்டும் போலீஸ் வண்டியை மிஞ்சுகிற மாதிரி மாற்றப்பட்டிருக்கும். அப்படி ஓட்டிப் பழகியவர்கள் மண் தரையில் ஒருவரோடு ஒருவர் போட்டி போட்டார்கள். 1948இல் பில் பிரான்ஸ் என்பவர் இந்தப் பந்தயங்களை ஒழுங்குபடுத்தி, நாஸ்கார் என்ற அமைப்பை உண்டாக்கினார்.

ஜூனியர் ஜான்சன் என்ற வெள்ளை ஓட்டுநர் 1956இல் சாராய வழக்கில் சிறைக்குப் போனார். பின்னாளில் அதுவே அவருடைய வீரக்கதை ஆனது. 1986இல் அதிபர் ரீகன் அவருக்கு மன்னிப்பு வழங்கினார். ஸ்காட்டும் 1949இல் பிடிபட்டார். சிறைக்குப் போகவில்லை, மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு. ஆனால் அந்த வழக்கு அவருக்கு வேறு விதமாக வேலை செய்தது. அதைக் கேளுங்கள்.

1952. டான்வில்லில் டிக்சி சர்க்யூட் என்ற சிறு பந்தயக்காரர்களுக்குக் கூட்டம் சேரவில்லை. ஒரு கறுப்பனை ஓடவிட்டால் வேடிக்கை பார்க்க ஜனம் வரும் என்று யோசித்தார்கள். வேகமாக ஓட்டுகிற கறுப்பன் யார் என்று எங்கே போய் விசாரித்தார்கள் தெரியுமா? போலீசிடம். துரத்திப் பழகிய போலீஸ் ஸ்காட் பெயரைச் சொன்னது. இப்படித்தான், ஒரு காட்சிப்பொருளாகத்தான், அவர் பந்தயத்துக்குள் அழைக்கப்பட்டார். ஆனால் உள்ளே வந்தவர் காட்சிப்பொருளாக இருக்க ஒப்புக்கொள்ளவில்லை. நம் கதை அங்கேதான் தொடங்குகிறது.

அடுத்து நாஸ்கார் பந்தயம் ஒன்றுக்காக வட கரோலினாவின் வின்ஸ்டன்-சேலம் நகரத்துக்குக் காரை இழுத்துக்கொண்டு போனார். கறுப்பருக்கு இடமில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். கண்ணில் நீரோடு வீடு திரும்பியதாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். சில நாள் கழித்து ஹை பாயிண்ட் நகரத்தில் இன்னொரு பந்தயம். அங்கே ஒரு யோசனை சொன்னார்கள்: உன் காரை வேண்டுமானால் ஒரு வெள்ளைக்காரப் பையன் ஓட்டட்டும். கவனியுங்க தோழர்களே. காருக்குத் தீட்டில்லை. கார் உள்ளே வரலாம். அதைக் கையால் கழற்றிப் பூட்டிய மனுசன்தான் வரக்கூடாது. என் காரை எவனும் ஓட்டப்போவதில்லை என்று சொல்லிவிட்டு ஸ்காட் திரும்பினார்.

அவர் ஓய்ந்துவிடவில்லை. நாஸ்காருக்கு வெளியே இருந்த சிறு பந்தயங்களில் ஓட்டினார். பந்தயத்துக்கு வந்த பன்னிரண்டாம் நாளே லின்ச்பர்க்கில் ஒரு சிறு சுற்றில் ஜெயித்தார். 1953 வாக்கில் நாஸ்காரின் உள்ளூர் அதிகாரி ஒருவர் அவருக்கு உரிமம் கொடுத்தார். மேலே இருந்தவர்களைக் கேட்டுக்கொண்டு கொடுத்த உரிமம் இல்லை அது. ஒரு சின்ன அதிகாரி பேனாவை எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு அது ஓர் உதாரணம். கவுண்டருக்குப் பின்னால் உட்காருகிற என்னைப் போன்றவர்கள் மறக்கக்கூடாத உதாரணம்.

1954இல் ராலே நகரத்தில் நடந்ததைச் சொல்லணும். ஒரு பந்தயத்துக்கு வந்து ஓட முடியாமல் போன வெள்ளை ஓட்டுநர்களுக்குப் பெட்ரோல் காசு கொடுத்தார்கள். ஸ்காட்டுக்கு இல்லை. நேராகப் போய் பில் பிரான்சிடமே முறையிட்டார். நீ நாஸ்கார் உறுப்பினர், இனி எப்போதும் உறுப்பினராகவே நடத்தப்படுவாய் என்று வாக்குக் கொடுத்தார் பிரான்ஸ். சேரவேண்டிய 15 டாலருக்குப் பதிலாகத் தன் பையிலிருந்து 30 டாலர் எடுத்துக் கொடுத்தார். இந்த வாக்கை மனசுல வச்சுக்குங்க. ஒன்பது வருஷம் கழித்து இதற்குச் சோதனை வருகிறது.

1959இல் வர்ஜீனியா மாநிலத்தின் ஸ்போர்ட்ஸ்மேன் பிரிவுப் பட்டம் ஸ்காட்டுக்கு. அதே ஆண்டு ரிச்மண்ட் சவுத்சைட் திடலின் பட்டமும் அவருக்கே. 1961 மார்ச் 4, தென் கரோலினாவின் ஸ்பார்ட்டன்பர்க்கில் நாஸ்காரின் உச்சப் பிரிவான கிராண்ட் நேஷனலில் இறங்கினார். அவருக்கு முன் எலியாஸ் போவி 1955லும், சார்லி ஸ்காட் 1956லும் அந்தப் பிரிவில் ஆளுக்கொரு பந்தயம் ஓட்டியிருக்கிறார்கள். ஆக முதலில் நுழைந்தவர் இவரில்லை. நுழைந்த பிறகு போகமாட்டேன் என்று நின்ற முதல் கறுப்பர் இவர். தன் காருக்குத் தானே முதலாளி, தானே மெக்கானிக், தானே டிரைவர். பெரிய கம்பெனி ஆதரவு இல்லை. மற்றவர்கள் ஓட்டி முடித்த பழைய கார்கள். வேலையாட்கள் என்றால் சொந்தப் பிள்ளைகள்தான்.

இப்ப அந்த நாளுக்கு வருவோம். 1963 டிசம்பர் 1. அந்த வருஷம் எப்படிப்பட்ட வருஷம்? ஆகஸ்ட் 28இல் வாஷிங்டனில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பேரணி. செப்டம்பர் 15இல் பர்மிங்காம் தேவாலயத்தில் குண்டு வைத்து நான்கு கறுப்புச் சிறுமிகளைக் கொன்றார்கள். நவம்பர் 22இல் அதிபர் கென்னடி கொலை. அதற்கு ஒன்பதாம் நாள் புளோரிடாவின் ஜாக்சன்வில்லில் இந்தப் பந்தயம். அரை மைல் மண் பாதை, 200 சுற்று. நெட் ஜாரட்டிடம் வாங்கிய பழைய செவர்லே காரில் ஸ்காட். 25 சுற்று பாக்கி இருக்கும்போது ரிச்சர்ட் பெட்டியை முந்தினார்.

200 சுற்று முடிந்தது. வெற்றிக்கான கட்டம்போட்ட கொடி இறங்கவில்லை. இன்னும் ஒரு சுற்று ஓட்டினார். கொடி இறங்கவில்லை. இன்னும் ஒன்று. பிறகு பக் பேக்கர் என்ற வெள்ளை ஓட்டுநர் கோட்டைத் தாண்டினார். கொடி இறங்கியது. கோப்பையும் அவருக்கே.

ஸ்காட் விடவில்லை. மறுபடி எண்ணச் சொன்னார். அந்தக் காலத்தில் சுற்றுகளை ஆட்கள்தான் கையால் குறித்து எண்ணினார்கள். எண்ணினார்கள், எண்ணினார்கள், இரண்டு மணி நேரம் எண்ணினார்கள். கூட்டம் கலைந்த பிறகு, ஆமாம், ஸ்காட்தான் ஜெயித்தார், அதுவும் இரண்டு சுற்று வித்தியாசத்தில் என்று ஒப்புக்கொண்டார்கள். கணக்குப் பிழை நேர்ந்துவிட்டது என்றார்கள். பரிசுப் பணம் கைக்கு வந்தது. கோப்பை? அது பேக்கரோடு போய்விட்டது.

ஏன் இந்தப் பிழை? ஜெயித்தவருக்குக் கோப்பை கொடுத்து, ஒரு வெள்ளைப் பெண் முத்தமிடுவது அங்கே வழக்கம். வெள்ளையர் கூட்டத்தின் முன்னால் ஒரு கறுப்பனுக்கு அந்த முத்தம் கிடைப்பதை நடத்தியவர்கள் விரும்பவில்லை. ஸ்காட் கடைசிவரை இதைத்தான் நம்பினார். அவர் சொன்னதை மறுக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. பணத்தைக் கொடுத்தார்கள் பாருங்கள். ஒரு டாலர்கூட அவருக்குக் கடன் வைக்கவில்லை. மறுத்தது எதை? எல்லாரும் பார்க்கும்படி ஜெயித்தவனாக நிற்கிற அந்த அய்ந்து நிமிடத்தை. கூலியை வாங்கிக்கோ, மேடை மட்டும் கேட்காதே! சுயமரியாதை என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

1954இல் கொடுத்த வாக்கு என்ன ஆனது? அவசரத்துக்குப் பையிலிருந்து 30 டாலர் எடுத்துக் கொடுத்த கைக்கு, ஒரு கோப்பையைத் திரும்ப வாங்கிக் கொடுக்க முடியவில்லை. தனிமனிதப் பெருந்தன்மை வேறு, உரிமை வேறு தோழர்களே. பெருந்தன்மை ஆளைப் பொறுத்தது. உரிமை ஏட்டில் ஏற வேண்டியது.

அதற்குப் பிறகும் ஓட்டினார். பல ஆண்டுகள் அவருக்கு இடம் மறுத்துவந்த டார்லிங்டன் திடலிலும் பின்னர் ஓட்டினார். 1966இல் ஆண்டு முழுமைக்குமான புள்ளிப் பட்டியலில் ஆறாம் இடம். 1967, 68, 69 மூன்றாண்டுகளும் முதல் பத்துக்குள். 1973இல் கடன்பட்டு வாங்கிய காரோடு டல்லடேகாவில் இறங்கியபோது, ஏறக்குறைய இருபது கார்கள் சிக்கிய பெரும் விபத்து. படுகாயம். கார் நொறுங்கியது, கடன் நொறுங்கவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் ஷார்லட்டில் கடைசிப் பந்தயம் ஓட்டினார். வயது 52.

வங்கிக்காரன் என்பதால் கூட்டிப் பார்த்தேன். 495 பந்தயம். முதல் அய்ந்துக்குள் 20 முறை. முதல் பத்துக்குள் 147 முறை, அதாவது பத்துக்கு மூன்று. பழைய கார், பழைய டயர், சொந்தப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு. வெற்றி என்ற கட்டத்தில் மட்டும் ஒன்று. அந்த ஒன்றைத்தான் தட்டிப் பறித்தார்கள்.

1990 டிசம்பர் 23இல் முதுகுத்தண்டுப் புற்றுநோயால் இறந்தார். மரியாதைகள் எல்லாம் அதற்கப்புறம்தான் ஒவ்வொன்றாக வந்தன. 2013இல் வர்ஜீனியா அரசு நினைவுப் பலகை வைத்தது. 2015இல் நாஸ்காரின் புகழ் மண்டபத்தில் சேர்த்தார்கள். கோப்பைக்கு வருவோம். 2010இல் ஜாக்சன்வில்லில் ஓர் அமைப்பு குடும்பத்துக்கு ஒரு மாதிரிக் கோப்பை கொடுத்தது. நாஸ்கார் தன் கையால் கொடுத்தது 2021 ஆகஸ்ட் 28 அன்று, டேடோனாவில். அவருடைய நூறாவது பிறந்தநாளுக்கு முதல் நாள். பந்தயம் முடிந்து ஏறத்தாழ 58 ஆண்டுகள். அவர் இறந்து 30 ஆண்டுகள். அந்தத் தேதியையும் பாருங்கள், வாஷிங்டன் பேரணி நடந்த அதே தேதி! அடுத்த அய்ந்தே வாரத்தில், அக்டோபர் 4இல், டல்லடேகாவில் பப்பா வாலஸ் ஜெயித்தார். உச்சப் பிரிவில் ஜெயித்த இரண்டாவது கறுப்பர் அவர். அதற்கு முந்தைய வருஷம் ஜூன் மாதத்தில், அடிமை முறைக்காகப் போராடிய தென்மாநிலங்களின் கொடிக்குப் பந்தயத் திடல்களில் தடை வந்ததற்கும் வாலஸின் குரல் காரணம்.

இப்ப அந்தப் பின்வரிசைத் தோழருக்குப் பதில். நமக்கென்ன என்றால், 1946இலேயே அண்ணல் அம்பேத்கர் கறுப்பின அறிஞர் டுபாய்சுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் பம்பாயில் நம் இளைஞர்கள் கறுப்புச் சிறுத்தைகளைப் பார்த்துத் தங்களுக்குத் தலித் சிறுத்தைகள் என்று பெயர் வைத்தார்கள். இது பழைய உறவு. ஆனால் மேடைத் தலைவர்களை மட்டும்தான் நாம் அறிந்து வைத்திருக்கிறோம். ஸ்காட் மேடை ஏறியவர் இல்லை, கோஷம் போட்டவர் இல்லை. எண்ணெய்க் கையோடு வாராவாரம் போய் நின்றவர். வேண்டாம் என்ற இடத்தில் 495 முறை போய் நிற்பதும் போராட்டம்தான்.

இன்னொன்று. பொறுமையாக இரு, வரலாறு ஒருநாள் உன்னை அங்கீகரிக்கும் என்று சொல்கிறவர்கள் இந்தக் கதையைத்தான் உதாரணம் காட்டுவார்கள். நான் இதை அப்படிப் படிக்கவில்லை. அன்றிரவு ஸ்காட் பொறுமையாக வீட்டுக்குப் போயிருந்தால் ஏட்டில் இன்றைக்கும் பேக்கர் பெயர்தான் இருந்திருக்கும். திரும்ப எண்ணு என்று நின்றதால்தான் அந்த ஒன்றாவது மிஞ்சியது. தான் எத்தனை சுற்று ஓட்டினோம் என்று அவருக்குத் தெரியும். தெரிந்ததால் நின்றார்.

ஆகவே, படிக்கிற தோழர்களே, நீங்க ஓடின சுற்றை நீங்களும் எண்ணி வச்சுக்குங்க. யாராவது கணக்குப் பிழைன்னு சொன்னா உடனே தலையாட்டாதீங்க. பிழை எந்தப் பக்கம் விழுகிறது என்று முதலில் பாருங்க. பிறகு, கூட்டம் கலைவதற்குள்ளேயே, திரும்ப எண்ணச் சொல்லுங்க.