வேனிற் பச்சடி: கீரையும் கனியும் ஓரிலையில்

(நம் சங்கத்தின் கோடைக்காலக் கூட்டத்தில், செங்கற்பட்டில் ஆற்றிய சொற்பொழிவு)



தமிழ்ப் பாடஞ் சொல்லும் ஆசிரியன் ஒருவன் அடுக்களையுள் நுழைந்து பச்சடியைப் பற்றிப் பேசத் தொடங்கியது என்னையோ என்று உங்களுள் சிலர் புன்முறுவல் செய்தல் கூடும். உணவே மருந்தென்று வழிவழி கூறிவரும் மக்களாகிய நமக்கு அடுக்களையும் ஒரு பாடசாலையே யாகும். அப்பாடசாலையிற் கற்கவேண்டிய பாடங்களுள் ஒன்றை மட்டுமே இன்று எடுத்துரைக்க எண்ணுகின்றேன். பச்சை இலையையும் புளிப்புடைய கனியையும் ஒருங்கு சேர்த்து உண்ணல் வேண்டும். அவ்வுணவு நம் வீட்டுப் பெண்மக்களின் இலையில் குறைவின்றி விழுதல் வேண்டும். யான் கூறவந்தது இவ்வளவே.

நம் செங்கற்பட்டு ஏரிகள் நிறைந்த நாடு. எனினும் சித்திரை பிறந்துவிட்டால் பாலாற்று மணல் கால்வைக்க வொண்ணாதவாறு கொதிக்கின்றது. அக்கினி நட்சத்திரத்தில் மாமல்லபுரத்துக் கடற்காற்றும் பிற்பகல் வரையில் நம்மைக் காக்க வருவதில்லை. அப்பொழுது சுடுசோற்றையும் கொதிக்குங் குழம்பையும் கண்டால் பசித்தவனுக்கும் உணவு வேண்டாவாகின்றது. அக்காலத்திற்கென்றே இயற்கை அளித்திருப்பவை யாவை? மதுராந்தகம், செய்யூர்ப் பக்கத்து மணற்பாங்கான நிலங்களில் தர்ப்பூசணி விளைகின்றது. கடற்கரைச் சாலையின் இருமருங்கும் பனைகள் நுங்கு தருகின்றன. வெள்ளரிப்பிஞ்சும் கிர்ணிப்பழமும் மாங்காயும் சந்தைக்கு வருகின்றன. வரப்போரத்தும் தோட்டத்துப் பாத்தியிலும் பருப்புக்கீரை படர்கின்றது. கேட்பாரின்றிக் கிடக்கும் இச்செல்வத்தை விடுத்து, வண்ணநீர் அடைத்த புட்டிக்கு நாம் காசு கொடுக்கின்றோம்!

நிற்க. கீரை என்பது நம் நூல்களில் ‘அடகு’ என வழங்கும். சிறுபாணாற்றுப்படை பாடிய நல்லூர் நத்தத்தனார், நம் மாவட்டத்துச் செய்யூர் வட்டத்தில் இன்றும் அப்பெயரோடு விளங்கும் இடைக்கழிநாட்டைச் சேர்ந்தவர். அப்பாட்டில் வறுமையுற்ற பாணர் வீடொன்று வருகின்றது. குப்பையில் முளைத்த வேளைக்கீரையைப் பறித்துவந்து, உப்பும் இன்றி அவித்து, பிறர் கண்டால் நாணமென்று கதவை அடைத்துக்கொண்டு சுற்றத்தோடு உண்கின்றனர். கீரை உண்டல் ஏழைமைக்கு அறிகுறி என்னும் எண்ணம் அத்துணைப் பழமையானது! அவ்வெண்ணம் இன்றும் நம்மை விட்டகலவில்லை. கலியாணப் பந்தியில் இனிப்பு மூன்றும் வறுவல் இரண்டும் படைக்கின்றோம். கீரை படைத்தால் சம்பந்தி வீட்டார் குறைவாக எண்ணுவரோ என்று அஞ்சுகின்றோம்.

ஆயின் புறநானூற்றில் ஔவையார் பாட்டொன்று வேறொரு காட்சியைக் காட்டுகின்றது. விறலியர் தோட்டத்திற் பறித்த அடகின்மேல் தூவுதற்குச் சிறிது அரிசி வேண்டுமென்று அவர் நாஞ்சில் வள்ளுவனைக் கேட்டார். அவனோ யானையையே அளித்துவிட்டான். அவன் கொடைத்திறத்தை வியந்து போற்றும் பாட்டு அது. அதிற் கீரையின் நிலையையும் சற்று நோக்குங்கள்! அடகு முதன்மையாகவும், அரிசி மேலே தூவும் பொருளாகவும் அங்கே நின்றன. இன்று நம் இலையில் சோறு மலைபோற் குவிய, கீரை ஒரு மூலையிற் சுண்டைக்காயளவு ஒட்டிக்கொண்டிருக்கின்றது.

இனி, வேவாத காயும் இலையும் உண்டல் மேனாட்டார் வழக்கமன்றோ, ‘சாலட்’ என்று அதனைக் கூறுவரன்றோ எனச் சிலர் வினவலாம். அன்று. இராமநவமியன்று பானகத்தோடும் நீர்மோரோடும் வழங்கும் வடைப்பருப்பு யாது? ஊறிய பாசிப்பருப்பும் மாங்காயும் வெள்ளரியும் கலந்த பச்சையுணவே அன்றோ? கன்னட நாட்டார் அதனைக் கோசம்பரி என்பர். நம் வீடுகளிற் கோசுமரி என வழங்குவாரும் உளர். யாழ்ப்பாணத்துத் தமிழர் வல்லாரை இலையைப் பச்சையாக நறுக்கி, தேங்காய்த் துருவலும் வெங்காயமும் எலுமிச்சைச் சாறுங் கூட்டிச் சம்பல் செய்து உண்கின்றனர். ஆதலின் புதுவழக்கம் எதனையும் யான் புகுத்தவில்லை. ஆண்டுக்கொருநாட் செய்வதைக் கோடை முழுவதுஞ் செய்க என்றே வேண்டுகின்றேன்.

பச்சையாக உண்பதாற் பயன் என்னை எனின், கூறுவேன். கீரையிலும் கனியிலும் உள்ள வைட்டமின் ‘ஸி’ என்னும் உயிர்ச்சத்து நெருப்பிற் பெரிதும் அழியும். அவித்த நீரை வடித்துக் கொட்டினால் எஞ்சியதும் அந்நீரோடே போகும். இச்சத்துக் குறைந்தால் பல்லீறு வீங்கிக் குருதி கசியும். பழைய புண்ணும் ஆறாது. நெடுங்கடல் கடந்த மாலுமிகள் இந்நோயால் கூட்டங் கூட்டமாக மடிந்தனர். 1747-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் லிண்ட் என்னும் பிரித்தானியக் கப்பல் மருத்துவர், நோயுற்ற மாலுமியர் சிலருக்கு வெவ்வேறு மருந்தளித்துச் சோதித்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்டவர் இருவரே விரைவிற் குணமடைந்தனர். மாமல்லபுரத்திற்குத் தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் கட்டிய கோட்டையைக் கண்டிருப்பீர்கள். கீழ்நாடுகளுக்கு வரும் தம் கப்பல்களுக்குப் பசிய காய்கனிகள் தருதற்காகவே அவர்கள் 1652-இல் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையருகே தோட்டம் அமைத்தனர்.

மற்றொரு பயன் இதனினும் பெரிது. நம் நாட்டிற் பெண்மக்களை வாட்டுவது இரத்தச் சோகை. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்டிருள் நூற்றுக்கு 53 பேர் இச்சோகை உடையவர். பாதிக்கு மேல் என்பதைக் கருதுங்கள்! இக்கூட்டத்தில் அமர்ந்துள்ள நம் தாய்மாரையும் புதல்வியரையும் ஒருமுறை திரும்பிப் பார்த்து, அவருள் எத்துணைப் பேர் சோர்வைத் தம் இயல்பென்றே எண்ணியிருக்கின்றனர் என எண்ணுங்கள். இதற்குக் காரணம் பல. அவற்றுள் தலையாயது இரும்புச்சத்துக் குறைவு. பருப்பிலும் கீரையிலும் இரும்புச்சத்து உண்டு. ஆயினும் தாவரங்களில் உள்ள இரும்பை நம் குடல் எளிதில் ஏற்பதில்லை. அதே வேளையில், அதே இலையில், எலுமிச்சையோ மாங்காயோ கொய்யாவோ சேர்ந்தால் அவ்விரும்பு மிகுதியாக உடலிற் சேர்கின்றது. காலையிற் கீரையும் மாலையிற் கனியும் உண்டால் அப்பயன் கிட்டாது. இரண்டும் கூடியே செல்லல் வேண்டும். உணவோடு தேநீரோ காப்பியோ பருகின் அவை இரும்பைத் தடுக்கும். ஆதலின் ஒரு மணி நேரமேனும் கழித்தே பருகுக.

நீலகிரியிற் குன்னூரில் மக்காரிசன் தொடங்கிய ஆராய்ச்சிக் கூடம் 1958-இல் ஐதராபாத்திற்கு மாறி, 1969 முதல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் எனப் பெயர் பெற்று விளங்குகின்றது. அந்நிறுவனத்தார் ஒருவர் நாள்தோறும் கீரை உட்பட 400 கிராம் காய்கறியும் 100 கிராம் கனியும் உண்ணல் வேண்டும் என்று அறிவுறுத்துகின்றனர். நம் வீடுகளில் இவ்வளவு யார் உண்கின்றார்?

இனிச் செய்முறையைக் கூறுவேன். அறுவர்க்கு அளவு இது. பாசிப்பருப்பு 100 கிராமைக் கழுவி ஒரு மணி நேரம் நல்ல நீரில் ஊறவைத்து வடித்துக்கொள்க. வெள்ளரிப்பிஞ்சு மூன்றையும் சிறு மாங்காய் ஒன்றையும் பொடியாக நறுக்குக. கிர்ணிப்பழத் துண்டுகள் இரண்டு குவளையும், மேல்தோல் உரித்த இளநுங்குச் சுளை நான்கும் எடுத்துக்கொள்க. பருப்புக்கீரையின் இளந்தளிர் இரண்டு பிடி, கொத்தமல்லி ஒரு பிடி, புதினா அரைப்பிடி, வல்லாரை பத்து இலை ஆகியவற்றை முழுதாகவே கழுவி, நீர் வடிந்தபின் கையாற் கிள்ளிப் போடுக. நறுக்கியபின் கழுவினால் சத்தும் நீரோடு போகும்.

முதலிற் பருப்பு, வெள்ளரி, மாங்காய் இவற்றோடு துருவிய இஞ்சியும் கீறிய பச்சைமிளகாய் ஒன்றுஞ் சேர்த்து, ஓர் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து கலக்குக. பின்னர்க் கனியும் நுங்கும் இடுக. அதன்மேல் கீரையும் ஒரு பிடி தேங்காய்த் துருவலும் தூவுக. உப்பைப் பந்தியில் இலை போட்டபின் சேர்க்க. முன்னரே இட்டால் காயுங் கனியும் நீர்விட்டுக் கீரை துவண்டுவிடும். கடுகு தாளித்தல் அவரவர் விருப்பம். சர்க்கரை வேண்டுவதில்லை, கனியின் இனிமையே போதும். நுங்கு கிட்டாத ஊரில் தர்ப்பூசணியும், கிர்ணி கிட்டாத நாளில் கொய்யாவும் இடலாம். உயிர்ச்சத்து ‘ஸி’ கொய்யாவில் எலுமிச்சையினும் மிகுதி.

எச்சரிக்கைகளும் சில உள. நெருப்பிற்படாத உணவாதலின் தூய்மையே இதற்கு நெருப்பு. கீரையை ஓடும் நீரில் மும்முறை அலசி, கடைசியாகக் காய்ச்சி ஆறிய நீரிற் கழுவுக. மஞ்சள்நீரில் முக்கியெடுத்தால் போதும் என்று எண்ணற்க. சாக்கடை நீர் பாயும் இடத்துக் கீரையைப் பச்சையாக உண்ணற்க. கலந்த பச்சடியை உடனே உண்க. கோடையில் மீந்ததை எடுத்துவைத்தல் கூடாது. பருப்புக்கீரை என்று எண்ணி வேறு களையைப் பறித்துவிடுதலும் உண்டு. தண்டைக் கிள்ளிப் பார்க்க. பால் கசிந்தால் அது பருப்புக்கீரை அன்று. அகத்தி, முருங்கை முதலியன வெந்தே உண்ணத்தக்கன. சிறுநீரகத்திற் கல் உடையோர் பருப்புக்கீரையைத் தவிர்த்து, மருத்துவரைக் கேட்டு உண்க. சோகை முற்றியவர்க்குப் பச்சடி துணையே யன்றி மருந்தாகாது. மருத்துவர் தரும் இரும்பு மாத்திரையை விடாது உண்ணல் வேண்டும்.

இறுதியாக ஒன்று. பச்சடியைச் செய்பவர் பெண்டிர், பரிமாறுபவரும் அவரே. ஆடவரும் சிறாரும் உண்டெழுந்தபின் அவர் அமரும்பொழுது பாத்திரத்தில் எஞ்சுவது யாது? அடியில் நின்ற நீரும் இரண்டு மிளகாய்த் துண்டுமே. இச்சத்து யாவரினும் மிகுதியாக வேண்டப்படும் உடம்பிற்கே அது கிட்டாமற் போகின்றது. இல்லறத்தின் பெருமை பேசும் நாம் இதனை எவ்வாறு பொறுத்திருக்கின்றோம்?

ஆதலின் சங்கத்தார்க்கு இரண்டு வேண்டுகோள் விடுக்கின்றேன். முதலாவது, இனி நம் சங்கத்தின் பெயரால் நடக்கும் விருந்துகளில் இனிப்பொன்றைக் குறைத்து, கீரையுங் கனியுங் கலந்த பச்சடியை இலையின் நடுவே, கைநிறைய இடுக. இரண்டாவது, முதற்பந்தியில் பெண்டிரும் ஆடவரும் ஒருங்கே அமர்க. பரிமாறும் தொழிலை இளைஞர் ஏற்றுக்கொள்க. இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை, மனமொன்றே வேண்டும். விருந்தில் வேரூன்றிய வழக்கம் வீட்டிற்கும் தானே வந்துசேரும்.

இடைக்கழிநாட்டுப் புலவர் கண்ட குடும்பத்தார் கீரை உண்பதற்கு நாணிக் கதவடைத்தனர். நாம் கதவைத் திறந்துவைத்து, ஊரார் காண, தாயும் மகளும் முதற்கண் உண்ணுமாறு அதனைப் படைப்போமாக.