நோய்க் குறிப்பும் நம்முடன் வரட்டும்



தோட்டம் மாறும்போது நாம் பெட்டி படுக்கையைக் கட்டுகிறோம். சட்டி பானையையும் விட்டு வருவதில்லை. ஆனால், நமக்கு என்ன நோய், என்ன மருந்து என்று பல்லாண்டுகளாக எழுதி வைத்த குறிப்பு மட்டும் பழைய தோட்டத்து மருந்தகத்திலேயே தங்கிவிடுகிறது. இதனால் விளையும் கேட்டினைச் சிறிது எண்ணிப் பார்ப்போம்.

பால் வெட்டும் தோழர் ஒருவருக்குக் காலில் பட்ட காயம் சீழ் பிடித்து, காய்ச்சல் முற்றி, நினைவும் தப்பிவிட்டது எனக் கொள்வோம். அவரை மாவட்ட மருத்துவமனைக்குக் கொண்டு செல்கின்றனர். அவருக்குப் பெனிசிலின் ஒவ்வாது. அதனை அறிந்தவர் அவருடைய மனைவி ஒருவரே. அவரோ காட்டில் வேலையில் இருக்கிறார். தாளில் எழுதிய குறிப்போ வேறோர் ஊரில் அலமாரியில் உறங்குகிறது. அந்த ஒரு வரி மருத்துவரின் கண்ணில் படுவதும் படாததும் ஓர் உயிரின் கேள்வியன்றோ?

இக்குறையைப் போக்கவே நோய்க் குறிப்புகளைக் கணினியில் பதியும் முறை வந்தது. நம் நாட்டில் 1999ஆம் ஆண்டு செயல்படத் தொடங்கிய செலாயாங் மருத்துவமனை, தாளின்றிக் கணினியைக் கொண்டே இயங்குமாறு அமைக்கப்பட்டது. சிங்கப்பூரில் 2011ஆம் ஆண்டு தேசிய மின்னியல் சுகாதாரக் குறிப்பு முறை தொடங்கிற்று.

இம்முறையால் விளையும் நன்மைகள் யாவை? ஒவ்வாத மருந்தை எழுத முற்பட்டால் கணினி எச்சரிக்கும். மருந்தின் பெயரும் அளவும் தெளிவாகத் தெரிவதால், கையெழுத்து விளங்காமல் நேரும் பிழை குறையும். இரத்தப் பரிசோதனை முடிவும் எக்ஸ்ரே படமும் மருத்துவரின் திரைக்கே வந்து சேரும். கோப்பைத் தேடும் நேரமும், செய்த பரிசோதனையையே மீண்டும் செய்யும் செலவும் மிஞ்சும். ஒரு நாள் கூலியை இழந்து காத்திருக்கும் நமக்கு இது சிறிய உதவியன்று.

எனினும், எல்லா மருத்துவமனைகளும் ஒன்றோடொன்று இணைந்துவிட்டன என்று எண்ணிவிடலாகாது. நம் குறிப்பைப் பிறர் களவாடாமல் காப்பதும் இன்றியமையாதது. 2018ஆம் ஆண்டு சிங்கப்பூரில் ஏறத்தாழ 15 இலட்சம் நோயாளிகளின் விவரங்கள் திருடப்பட்டதை நாம் மறத்தலாகாது.

ஆகவே, நம் கடமைகள் சில உள. மருத்துவமனைக்குச் செல்லுங்கால் அடையாள அட்டையை மறவாது கொண்டு செல்வோம். ஒரே பெயருடையோர் பலர் இருப்பினும் அடையாள எண் ஒருவருக்கே உரியது. இனிப்பு நீர், இரத்த அழுத்தம் முதலியவற்றிற்கு உண்ணும் மாத்திரைகளையும் மருத்துவப் புத்தகத்தையும் காட்டுவோம். ஒவ்வாத மருந்தினைக் கேட்கும் முன்பே கூறுவோம். நாட்டு மருந்து உண்டிருப்பின் அதனையும் மறைக்காது சொல்வோம்.

நாம் சொல்லாததைக் கணினியும் அறியாது. இன்று நாம் வாய் திறந்து கூறும் ஒரு சொல், நாளை நாம் பேச இயலாத வேளையில் நமக்காகப் பேசும்.