சொல்லாமல் விட்ட இலக்கணம்



கணிப்பொறி மொழிக்கும் இலக்கணம் உண்டு. ஒருமுறை எழுதிய நிரல் பல பொறிகளிலும் ஒரே பொருள் தருதல் வேண்டும் என்பதே அதன் நோக்கம். பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய ‘சி’ மொழி, 16 பிட் அளவுள்ள பிடிபி-11 பொறியில் வளர்ந்தது. பின்னர் 32 பிட் பொறிகளுக்கும் பரவியது. 1978-இல் தோன்றிய இன்டெல் 8086 சில்லோ, நினைவகத்தை 64 கிலோபைட் கூறுகளாகப் பகுத்து நோக்கியது. அங்கே ஓரிடத்திற்கே பல முகவரிகள் அமையும்.

1989-இல் நிறைவேறிய அமெரிக்கத் தர வரையறை இவ்வேறுபாடுகளை அழிக்க முற்படவில்லை. முழு எண்ணுக்குக் குறைந்தது 16 பிட், நெடிய முழு எண்ணுக்குக் குறைந்தது 32 பிட் எனக் கீழெல்லையை மட்டும் வகுத்தது. தொடர்பற்ற இரு பொருள்களின் முகவரிகளுள் எது முன், எது பின் என்னும் வினாவுக்கு விடை கூறாது விடுத்தது. அம்மௌனமே பல்வேறு பொறிகளிலும் அம்மொழி வாழ இடந்தந்தது.

ஆயின் அதன் சுமை நிரல் எழுதுவோர் மேல் விழுகிறது. விதி வகுக்காத இடத்தில் காலூன்றிய நிரல் ஒரு பொறியில் செவ்வனே இயங்கும், மற்றொன்றில் தடுமாறும். எச்சரிக்கை எழும் என்னும் உறுதியும் இல்லை. இலக்கணம் கூறியதோடு, அது கூறாது விட்டதையும் கற்றவரே அம்மொழியில் புலவர்.