பெரட்டுக்களத்துக் கிரிக்கெட்

(வாலிபர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கிரிக்கெட் மலைநாட்டுக்குப் புதிதன்று. கோப்பிக் காலத்திலேயே, 1868இல், டிக்கோயா மஸ்கெலியாத் துரைமார் டராவளையில் கழகம் அமைத்து ஆடினார்கள். நம் பாட்டன்மார் வேலியோரம் நின்று பார்த்திருப்பார்கள்.

பதுளைத் தோட்டங்களில் நாங்கள் ஆடுவது மென்பந்து. சமதரைக்கு எங்கே போவது? பெரட்டுக்களந்தான் மைதானம். ஒரு புறம் கொழுந்து மடுவம், மறுபுறம் பள்ளம். கச்சான் வீசும் நாளில் பந்து எங்கே போகும் என்பது அடித்தவனுக்கே தெரியாது. மடுவத்துக் கூரையில் பட்டால் இரண்டு ஓட்டம். கோயில் பக்கம் பறந்தால் ஆட்டமிழப்பு. இவ்விதிகள் எந்த நூலிலும் இல்லை. ஆயினும் மேற்கணக்காரும் பணியக்கணக்காரும் இவற்றை மீறியதில்லை.

களம் 22 கெஜம் இல்லையே என்று நகைப்பாரும் உளர். 1948இல் பிராட்மனின் அவுஸ்திரேலிய அணி, சதாசிவம் தலைமையிலான இலங்கை அணியோடு கொழும்பு ஓவலில் ஆடியது. அங்கேயே களம் 2 கெஜம் குறைவாக இருந்ததன்றோ!

"பந்து சோறு போடுமா?" என்று பெரியோர் கேட்கிறீர்கள். முத்தையா முரளிதரனின் பாட்டனார் தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவர். பேரனோ 2010இல் காலியில் 800ஆவது டெஸ்ட் விக்கெட்டை வீழ்த்தினார். ஆனால் அவர் கண்டியில் பெரிய பள்ளியில் கடினப்பந்தோடு வளர்ந்தவர். மிஷன் பள்ளியில் படித்ததால் நாங்கள் சிலர் அப்பந்தைத் தொட்டோம். லயத்துத் தோழர் பலர் தொட்டதேயில்லை. ஆகவே முரளியைக் காட்டி உங்களோடு வாதாட வரவில்லை.

நாங்கள் கேட்பது ஞாயிறு பிற்பகல் ஒன்றே. மழைக்குப் பின் கொழுந்து மண்டினால் ஞாயிறும் கைக்காசுக்கு மலையேற வேண்டியிருக்கிறது. வீட்டுக்கு அரிசி வேண்டும், மறுக்கவில்லை. சென்ற ஆண்டுப் பந்தயத்தன்று எங்கள் முதற் பந்துவீச்சாளர் கைக்காசுக்குப் போய்விட்டார். பணியக்கணக்கார் ஆடாமலே வெற்றி கேட்டிருக்கலாம். அவர்களோ களத்தோரம் அமர்ந்து, எங்கள் வீட்டுச் சாயத்தண்ணியைக் குடித்துக்கொண்டு, வெயில் சாயும்வரை காத்திருந்தார்கள். நம்மவர் கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு ஓடிவந்தார்; இடுப்புப் படங்கை அவிழ்க்கவும் மறந்து முதற் பந்தை வீசினார். அது நேரே மடுவத்துச் சுவரில் மோதியது. முதலிற் சிரித்தவர் அவரே.

மூன்று ஓட்டத்தால் தோற்றோம். வரும் ஞாயிறு பணியக்கணக்கில் மறு ஆட்டம். நடுவர் இன்னும் கிடைக்கவில்லை. பெரியோரில் எவரேனும் குடையோடு வந்து நின்றால், நாற்காலி நாங்கள் தூக்கி வருகிறோம்.